எச்ஐவி உள்ள கர்ப்பிணிகளுக்குத் தாதியர் நடத்தும் வழிகாட்டுச் சேவை: எது உருப்படி, எது இடிக்கிறது

சிங்கப்பூரில் கர்ப்பம் உறுதியாகி மருத்துவமனையில் பெயர் பதிந்ததும் எடுக்கும் முதல் ரத்தச் சோதனையிலேயே எச்ஐவியும் அடங்கும். ரத்த வகை, ஹீமோகுளோபின், ஹெபடைட்டிஸ் பி, சிஃபிலிஸ் எல்லாம் ஒரே குத்தில் முடிந்துவிடும். 2004 டிசம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. வேண்டாம் என்று சொல்பவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் உண்டு. முடிவு 'இருக்கிறது' என்று வந்தால், அதன்பின் குழந்தைக்கு ஆறு வாரம் ஆகும்வரை அந்தப் பெண் அதிகம் பேசப்போவது டாக்டரிடம் அல்ல, தாதியிடம்.

இங்கே எடைபோடுவது அந்தத் தாதியர் சேவையை. ஒரு பெரிய அரசாங்க மருத்துவமனையின் பேறுகாலப் பிரிவில், தொற்றுநோய்ப் பிரிவோடு சேர்ந்து நடப்பது. பெயரைச் சொல்லவில்லை. இப்படி வரும் பெண்கள் மிகச் சிலர். அதிலும் தமிழ்ப் பெண்கள் என்றால் மருத்துவமனைப் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாத்திரை, கிருமி அளவு (ரத்தத்தில் எவ்வளவு எச்ஐவி கிருமி இருக்கிறது என்பது), குழந்தையின் மருந்து ஆகியவற்றைக் கற்றுத்தருவதில் இந்தச் சேவை முதல் தரம். 'வெட்கப்பட வேண்டாம், பயப்பட வேண்டாம்' என்று அச்சடித்துத் தரும் தாள்களால் பெரிய பயன் இல்லை. வெட்கம் குறைவது அறிவுரையால் அல்ல, ஏற்பாட்டால். பெண் அம்பலப்படும் சின்னச் சின்னத் தருணங்களை ஒவ்வொன்றாக அடைத்தால் போதும், பாதிப் பாரம் இறங்கிவிடும். அந்த வேலையைத் தாதியர் அறைக்குள் அழகாகச் செய்கிறார்கள். பிரசவ வார்டுக்குப் போனதும் அது பிசகுகிறது.

முதல் சந்திப்பு

இந்தச் சேவையின் சிறந்த பழக்கம், முதற்கட்ட முடிவையும் உறுதி முடிவையும் குழப்பாமல் பேசுவது. முதற்கட்டச் சோதனை கிருமியின் ஒரு பகுதியையும் உடம்பு அதற்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும். எதையும் தவறவிடக் கூடாது என்று அமைத்த சோதனை. அதனால் எப்போதாவது இல்லாததையும் இருப்பதாகக் காட்டும். கிருமி அரிதாக உள்ள கூட்டத்தைச் சோதிக்கும்போது, 'இருக்கிறது' என்று வரும் முடிவுகளில் பொய்யானவற்றின் பங்கு கூடிவிடும். கர்ப்பிணிகள் அப்படிப்பட்ட கூட்டம்தான். ஆகவே தாதி முதல் நாளில் சொல்வது இவ்வளவே: "முதல் சோதனையில ஒரு சந்தேகம் காட்டுது. இது முடிவு இல்ல. இன்னொரு சோதனை செஞ்சுதான் சொல்ல முடியும்." தொலைபேசியில் முடிவைச் சொல்வதில்லை. கூட வந்தவர் கணவரோ மாமியாரோ, அவரை வெளியே உட்கார வைக்க 'எடை, ரத்த அழுத்தம் பார்க்கணும்' என்ற காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது. இது எல்லாக் கர்ப்பிணிக்கும் நடப்பது, யாருக்கும் உறுத்தாது.

உறுதியானபின் சொல்லும் முதல் எண்ணும் சரியான எண். சிகிச்சையே இல்லாவிட்டால், கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் மூன்றும் சேர்ந்து 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி, பாலும் கொடுக்காமல் இருந்தால், அது ஒன்றுக்கும் கீழே போய்விடும். கையோடு இன்னொன்றும் சொல்கிறார்கள்: தாயிடமிருந்து சேய்க்கு எச்ஐவி பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் தாய்லாந்தை 2016இலும் மலேசியாவை 2018இலும் அங்கீகரித்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலேசியாவின் ஜொகூரில் நடக்கிறது என்றால் இங்கும் நடக்கும் என்ற நம்பிக்கை, எந்தப் படத்தையும்விட வேகமாக ஒட்டிக்கொள்கிறது.

மொழிபெயர்ப்பில்தான் சிக்கல். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அப்போது பலரும் செய்யும் பெரிய தவறு கணவரை மொழிபெயர்க்கச் சொல்வது. இந்தச் சேவை அதைச் செய்வதில்லை. ஆனால் அடுத்த வழியாக வார்டில் இருக்கும் தமிழ் ஊழியர் ஒருவரைக் கூப்பிடுகிறார்கள். நல்லெண்ணம்தான். சிங்கப்பூர்த் தமிழர் வட்டம் எவ்வளவு சின்னது என்பது தமிழருக்குத்தான் தெரியும்: அதே ஊழியர் ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்க நிற்பார், கோயிலில் அன்னதான வரிசையில் நிற்பார். அதனால் பல தமிழ்ப் பெண்கள், அரைகுறையாகப் புரிந்தாலும் பரவாயில்லை என்று சீன, பிலிப்பினோ தாதியையே கேட்கிறார்கள். இதற்கு வழி, பெயரையும் முகத்தையும் காட்டாமல் தொலைபேசி வழியாகப் பேசும் மொழிபெயர்ப்பாளர். கேட்டால் ஏற்பாடு செய்கிறார்கள். கேட்காவிட்டால் யாரும் முன்வந்து சொல்வதில்லை. கேளுங்கள்.

தமிழில் கொடுக்கும் கையேடு மோசம். இலக்கணம் சரி, ஆனால் நோயாளி பேசும் மொழி அல்ல. 'நோயெதிர்ப்பு ஆற்றல் குறைபாட்டு நச்சுயிரி' என்று ஆரம்பித்தால் யார் இரண்டாம் பக்கம் புரட்டுவார்கள்? மேலட்டையில் சிவப்பு ரிப்பன் வேறு. எச்ஐவிக்கான அந்தச் சின்னம் போட்ட தாளை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் எந்த அலமாரியில் வைப்பது?

மாத்திரை வகுப்பு

இதற்காகவே இந்தச் சேவையைப் பரிந்துரைக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இப்போது பரவலாகக் கொடுப்பது டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், அதனோடு டெனோஃபோவிர், லாமிவுடின் அல்லது எம்ட்ரிசிடாபின். கிருமி அளவை வேகமாக இறக்கும், அதனால் ஏழாம் மாதம் தாண்டித் தாமதமாக வந்தவருக்கும் கைகொடுக்கும். ஆனால் டோலுடெக்ராவிருக்கு ஒரு பலவீனம் உண்டு: இரும்பு, சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் ஆகியவை குடலில் அதைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. கர்ப்பிணிக்கோ இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கட்டாயம். ஒழுங்காக மாத்திரை போட்டும் கிருமி அளவு இறங்காமல் நிற்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

விதி இப்படி: டோலுடெக்ராவிரை இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போட வேண்டும். அப்படி முடியாவிட்டால் இரண்டையும் சேர்த்து, வயிறு நிறையச் சாப்பாட்டோடு போடலாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மக்னீசியம், அலுமினியம் கலந்த மருந்துக்கு இந்தச் சலுகை கிடையாது. சாப்பாட்டோடு சேர்த்தாலும் அது தடுக்கும், இடைவெளி விட்டே ஆக வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நெஞ்செரிச்சல் இல்லாத பெண் அபூர்வம். அந்த மருந்தையோ கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிவிடலாம். ஆகவே இந்தப் பகுதியைத் தாதி இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைக்கிறார்.

இந்த விதியைத் தினசரிக்குள் பொருத்துவதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். காலைச் சாப்பாட்டோடு கால்சியம், மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு மணிக்கு இரும்பு, இரவு ஒன்பதுக்கு டோலுடெக்ராவிர் என்று வைத்தால் இடைவெளி எட்டு மணி நேரம், ஒன்றோடொன்று மோதாது. இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் அவையும் தனித்தனி. இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும். அவர்களுக்குக் காலை ஏழுக்கு டோலுடெக்ராவிர், மத்தியானம் இரும்பு, இரவு கால்சியம். இரும்பு மாத்திரை போட்டதும் தே தாரே குடிக்கக் கூடாது என்பதும் அட்டையில் இருக்கிறது. தேயிலைத் துவர்ப்பு இரும்பை உடம்பில் ஏறவிடாது. எச்ஐவிக்குச் சம்பந்தமில்லாத அறிவுரை என்றாலும் ரத்தசோகைக்குப் பயன்படும்.

தாதியர் கேட்கத் தவறுவது நாட்டு மருந்தை. 'சப்ளிமெண்ட் எதாவது சாப்பிடுறீங்களா?' என்று கேட்டால் எந்தப் பெண்ணும் லேகியத்தைச் சொல்லமாட்டாள், அவளைப் பொறுத்தவரை அது சாப்பாடு. அயச்செந்தூரம் போல இரும்பிலிருந்து செய்யும் சித்த மருந்தும் இரும்பு மாத்திரையைப் போலவே குறுக்கிடக்கூடும். 'அம்மா வீட்டிலிருந்து அனுப்பிய பொடி, லேகியம், செந்தூரம் எதாவது உண்டா?' என்று கேட்டால்தான் விடை வரும்.

மசக்கையில் வாந்தி எடுத்தால் மாத்திரையைத் திரும்பப் போட வேண்டுமா என்பதற்கு, எத்தனை மணி நேரத்துக்குள் என்ற கணக்கு மாத்திரைக்கு மாத்திரை மாறும். அந்தப் பெண்ணுடைய மாத்திரைக்கு உரிய கணக்கைக் கையால் எழுதித் தருகிறார்கள், அச்சடித்த பொது அறிவுரை இல்லை. நல்ல வழக்கம். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். இரட்டையாகப் போடவே கூடாது. ஒவ்வாமையோ தலைச்சுற்றலோ எது வந்தாலும், தானாக நிறுத்தாமல் அன்றே அழைக்க வேண்டும்.

மாத்திரைப் பாட்டில் வீட்டில் எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். கணவருக்குத் தெரிந்திருக்கலாம், மாமியாருக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் தெரியாது. பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில கூட்டு மாத்திரைகள் ஈரத்தில் கெடும், அதனால்தான் பாட்டிலுக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அவற்றைப் பெட்டிக்கு மாற்றக் கூடாது. மருந்தாளரிடம் கேட்டுவிட்டே பெட்டி வாங்குவது. கைபேசியும் பாட்டிலைப் போலத்தான்: ஹெல்த்ஹப் செயலியில் சந்திப்பு விவரமும் மருந்துப் பட்டியலும் வரும். வீட்டில் வேறு யாருக்காவது அந்தக் கைபேசியின் கடவெண் தெரியுமா என்று தாதி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

கிருமி அளவும் பிரசவமும்

சிகிச்சை தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் முதல் கிருமி அளவுச் சோதனை, பிறகு கண்டறிய முடியாத நிலை வரும்வரை மாதா மாதம், கடைசியாக 34 முதல் 36 வாரத்துக்குள் ஒன்று. அந்தக் கடைசி எண்தான் பிரசவ முறையைத் தீர்மானிக்கும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் கிருமி எண்ணிக்கை 50க்குக் கீழே இருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடை இல்லை. 1,000க்கு மேல் இருந்தால் 38ஆம் வாரத்தில் அறுவை சிகிச்சை, அதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்பே எச்ஐவியை அடக்கும் ஸிடோவுடின் சொட்டு மருந்து நரம்பில் ஏறத் தொடங்க வேண்டும். இடைப்பட்ட எண் என்றால் டாக்டர் பேசி முடிவு செய்வார். 'எச்ஐவி என்றாலே வயிற்றைக் கிழிப்பார்கள்' என்று நம்பி வரும் பெண்களே அதிகம் என்பதால் இந்த விளக்கம் அவசியம். தாதியர் இதை வரைபடமாகவே காட்டுகிறார்கள், கோடு மாதா மாதம் இறங்குவதைப் பார்ப்பதில் ஓர் ஊக்கம் உண்டு. பனிக்குடம் உடைந்தால் வீட்டில் காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்பதும் அதே தாளில் பெரிய எழுத்தில்.

பால் கேள்வி

நம்மவர் வீட்டில் கடினமான கட்டம் இதுதான். பிள்ளை பெற்றவள் பால் கொடுக்கவில்லை என்றால் பத்தியச் சமையலிலிருந்து பேரப்பிள்ளை பார்க்க வரும் பெரியம்மா வரை எல்லாருக்கும் அது செய்தி.

மருத்துவ நிலை இப்படி: இங்கே அறிவுரை புட்டிப்பால். தாயின் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலையில் இருந்தால் தாய்ப்பால் வழியாகத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. அமெரிக்க வழிகாட்டிகள் 2023இல், பெண் விவரம் அறிந்து தானே முடிவெடுக்கட்டும் என்ற நிலைக்கு நகர்ந்தன. இந்தச் சேவை அதை மறைக்காமல் சொல்கிறது, அது நேர்மை. மறைத்தால், பெண் வேறெங்காவது படித்துவிட்டு யாருக்கும் தெரியாமல் இரவில் பால் கொடுப்பாள். எல்லாவற்றையும்விட ஆபத்து அதுதான், புட்டிப்பாலும் தாய்ப்பாலும் மாறி மாறி.

பால் கட்டுவதைத் தடுக்க, பிரசவமான முதல் நாளிலேயே காபெர்கோலின் 1 மில்லிகிராம் ஒரே வேளை. ரத்த அழுத்தம் உயர்ந்தவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அவருக்கு இறுக்கமான மார்க்கச்சு, குளிர் ஒத்தடம், வலிநிவாரணி என்று வேறு வழி. பிரசவத்துக்கு முன்பே மருந்துச் சீட்டில் எழுதி வைக்காவிட்டால், வார்டில் யாரும் நினைவு வைத்துக் கொடுப்பதில்லை. மூன்றாம் நாள் மார்பு கல்லாகிச் சட்டை நனைந்து, பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே 'இவ்வளவு பால் இருக்கே, ஏன் கொடுக்கல?' என்ற கேள்வி வரும்.

அந்தக் கேள்விக்கான பதிலை முப்பதாம் வாரத்திலேயே ஒத்திகை பார்க்கிறார்கள், இதுபோலப் பயனுள்ள ஒன்று இந்தச் சேவையில் வேறில்லை. தாதி மாமியாராகப் பேசுவார், பெண் பதில் சொல்வாள். "அத்தை, நான் போடுற மருந்து பால்ல கலக்குமாம். டாக்டர் கொடுக்க வேண்டாம்னுட்டாரு." இது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அடுத்த கேள்வி நிச்சயம் 'என்ன மருந்து?' என்பதுதான். ரத்தசோகை என்றால் மாட்டிக்கொள்வாள், ஏனென்றால் அதற்குப் பால் நிறுத்தமாட்டார்கள் என்பது பாட்டிகளுக்குத் தெரியும். "பேர் வாயில நுழையல, சீட்டுல இருக்கு. தாதிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பதோடு நிறுத்திவிட வேண்டும். நீட்டி விளக்க விளக்கச் சந்தேகம் கூடும். கணவருக்குத் தெரிந்திருந்தால் அவரே இந்தப் பதிலைச் சொல்வது சிறந்தது. மகன் சொன்னால் விவாதம் குறைவு என்பது நியாயமோ இல்லையோ, உண்மை.

புட்டிப்பால் கலக்கும் முறையையும் செய்து காட்டுகிறார்கள்: கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் முதலில் நீர், பிறகு மட்டமாக வழித்த கரண்டி மாவு, கலக்கியபின் குளிர்ந்த குழாய் நீரில் புட்டியை வைத்து ஆற்றுவது, இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்ததைக் கொட்டிவிடுவது. பால் மாவு விலை இங்கே கையைக் கடிக்கும். மருத்துவச் சமூக ஊழியரிடம் முன்பே சொல்லி வைத்தால் உதவிக்கு வழி பார்ப்பார்.

குழந்தையின் மருந்து

பிறந்த சில மணி நேரத்துக்குள், கூடியவரை ஆறு மணி நேரத்துக்குள், குழந்தைக்கு ஸிடோவுடின் பாகு. நிறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. தாயின் கிருமி அளவைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு வாரம். ஆபத்து அதிகமென்றால் வேறு மருந்துகளும் சேரும். பாகு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். ஆக, 3 கிலோ குழந்தைக்கு 12 மில்லிகிராம், அதாவது 1.2 மில்லிலிட்டர். தவறு நடப்பது இங்கேதான்: சீட்டில் 12 என்று பார்த்து 12 மில்லிலிட்டர் உறிஞ்சினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போகும். அதனால் ஊசி இல்லாத சிறு பீச்சுக்குழலில் 1.2 கோட்டின்மேல் வண்ண நாடா ஒட்டித் தருகிறார்கள். தாய் மூன்று முறை உறிஞ்சிக் காட்டாமல் வீட்டுக்கு அனுப்புவதில்லை. எடை கூடும்போது அளவு மாறினால் நாடாவும் மாறும். பாகினால் குழந்தைக்கு ரத்தம் குறையலாம் என்பதால் இடையில் ரத்தச் சோதனை உண்டு.

தொற்று இருக்கிறதா என்று பார்க்கக் கிருமியையே தேடும் பிசிஆர் சோதனை: பிறந்ததும், இரண்டு மூன்று வாரத்தில், ஒன்று இரண்டு மாதத்தில், நான்கு முதல் ஆறு மாதத்துக்குள். எதிர்ப்பொருள் சோதனையை முன்கூட்டிச் செய்வதில் அர்த்தமில்லை. தாயின் எதிர்ப்பொருள் குழந்தை ரத்தத்தில் ஒன்றரை வயதுவரைகூட இருக்கும். அதை அறியாத ஒரு மருந்தகம் இடையில் சோதித்துவிட்டு 'இருக்கிறது' என்று சொன்னால் வீடே இடிந்துபோகும். தாதியர் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். பிறந்ததும் காசநோய்க்குப் போடும் பிசிஜி தடுப்பூசி சில குழந்தைகளுக்குத் தள்ளிப்போகலாம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கையில் தழும்பு இல்லையே என்று கேட்கும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. 'தேதி மாத்தியிருக்காங்க' என்ற பதில் போதும்.

வார்டில் இடிக்கும் இடங்கள்

பேறுகாலப் பிரிவில் கட்டிய ஒழுங்கு, பிரசவ வார்டில் கரைகிறது. பலர் சேர்ந்து தங்கும் பி2, சி வகுப்பு மானிய வார்டுகளில் கட்டிலுக்குக் கட்டில் திரைதான் தடுப்பு, திரை சத்தத்தைத் தடுக்காது. விவரம் தெரியாத தாய்ப்பால் ஆலோசகர் வந்து 'பால் கொடுக்க ஆரம்பிச்சிட்டீங்களா? ஏன் இல்ல?' என்று கேட்பது அடிக்கடி வரும் புகார். தாய்ப்பாலை ஊக்குவிப்பது அவர் வேலை, அவர்மேல் தவறில்லை. கோப்பில் 'புட்டிப்பால், ஆலோசகர் தேவையில்லை' என்ற ஒரு வரி முன்கூட்டியே இருந்தால் அவர் அந்தக் கட்டிலுக்கு வரமாட்டார். நோயின் பெயர் அங்கே தேவையே இல்லை.

இரட்டைக் கையுறை, கட்டில் தலைமாட்டில் வண்ண ஒட்டி, அறுவைப் பட்டியலில் காரணமில்லாமல் கடைசி இடம்: இவை பாதுகாப்பு அல்ல, அறிவிப்புப் பலகை. எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே பாவித்துக் கையாள வேண்டும் என்பது அடிப்படை விதி. அதைக் கடைப்பிடித்தால் ஒருவருக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டியதில்லை. ஊழியரின் பயத்தையும் சும்மா ஒதுக்க முடியாது. அதற்கும் எண்தான் மருந்து: கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பியில் அது 30 விழுக்காடு வரை. எச்ஐவிக்கு இரட்டைக் கையுறை போடுபவர் ஹெபடைட்டிஸ் பிக்கு ஏன் போடவில்லை என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். இந்தத் தாதியர் வார்டு ஊழியர்களுக்கும் வகுப்பு எடுக்கிறார்கள். ஆனால் ஊழியர் மாறிக்கொண்டே இருக்க, வகுப்போ எப்போதாவதுதான். இரவுப் பணியில் இருப்பவர்களை அது எட்டுவதே இல்லை.

சட்டம், ரகசியம், பணம்

இந்தப் பகுதியில் தாதியர் தயங்குகிறார்கள். தயக்கம் புரிகிறது, ஆனால் பெண்ணுக்கு விடை வேண்டும். 2019 ஜனவரியில், எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரம் வெளியே கசிந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு 'உங்க விவரம் பத்திரமா இருக்கும்' என்ற வெறும் வாக்குறுதி யாரிடமும் எடுபடாது. நேராகச் சொல்ல வேண்டியவை: தொற்று அரசாங்கச் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்படும், அடையாளத்தை வெளியிடுவது தொற்றுநோய்ச் சட்டப்படி குற்றம், அதற்குச் சில விலக்குகள் உண்டு. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, உடலுறவுக்கு முன் துணைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை. 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், கிருமி அளவு கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து இருப்பவர்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கிறது. கணவரிடம் எப்படிச் சொல்வது என்று பேசுவதற்கு முன், வீட்டில் அடிதடி உண்டா என்று தனியாகக் கேட்கிறார்கள். அதற்கு முழு மதிப்பெண்.

செலவுக்கு மெடிசேவ் (கட்டாய மருத்துவச் சேமிப்பு), மெடிஃபண்ட் (வசதி குறைந்தோருக்கான அரசு நிதி) இரண்டிலும் வழி உண்டு. 2020 முதல் எச்ஐவி மருந்துகளுக்கு அரசு மானியமும் உண்டு. எவ்வளவு என்பது குடியுரிமைத் தகுதியைப் பொறுத்தது. சார்ந்திருப்போர் அட்டையிலோ நீண்டகால வருகை அட்டையிலோ இருக்கும் பெண்ணுக்கு மானியத்தைவிடப் பெரிய கவலை, இங்கே தங்க அனுமதிக்கும் அந்த அட்டையே போய்விடுமோ என்பது. குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணந்தவர்களுக்கு மேல்முறையீட்டு வழி இருக்கிறது. தாதியிடம் இதற்கு விடை கிடைக்காது. முதல் வாரத்திலேயே மருத்துவச் சமூக ஊழியரிடம் அனுப்பச் சொல்லுங்கள். வேலை அனுமதியில் இருப்பவரின் நிலை இன்னும் கடினம், அதை யாரும் இனிப்புத் தடவிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு வாரத்துக்குப் பிறகு

சேவையின் மிகப் பெரிய ஓட்டை இது. ஆறாம் வாரப் பரிசோதனையோடு பேறுகாலத் தாதியின் பொறுப்பு முடிகிறது. தாய் தொற்றுநோய்ப் பிரிவுக்கு, குழந்தை குழந்தைகள் பிரிவுக்கு. இரண்டு சந்திப்பு, இரண்டு நாள், இரண்டு காரணம் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு தாய்மார் மாத்திரையைத் தவறவிடுவது உலகெங்கும் தெரிந்த பிரச்சினை: தூக்கமில்லை, குழந்தைக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்ற நினைப்பு, கூடவே வீடு நிறைய ஆள். அந்த மாதங்களில் ஒரு தொலைபேசி அழைப்பாவது வேண்டும். இப்போது அது தாதியின் தனிப்பட்ட அக்கறையில் நடக்கிறது, ஏற்பாடாக இல்லை.

அடுத்த குழந்தை வேண்டுமென்றால் கர்ப்பமாவதற்கு முன்பே வரச் சொல்கிறார்கள், கணவருக்குத் தொற்று இல்லாவிட்டாலும். கிருமி அளவு இறங்கி நிலைத்தபின் இயல்பாகவே கருத்தரிக்கலாம் என்பது பலருக்குப் புதிய செய்தி.

போகும் முதல் சந்திப்புக்கு, வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள்: கிளினிக் மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து, சத்து மாத்திரை, பாட்டிலில் இருக்கும் லேகியம் உட்பட. கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே மேசைமேல் எடுத்து வையுங்கள்.